முள் எழும்பாத மோட்டர்

தண்ணீர் மோட்டர் திருத்தும் கடையில் கரண்ட் ஒழுக்குப் பார்ப்பது என் வேலை. பழுதைக் கண்டுபிடித்தால் பழுதாக்கினவளும் நானேதான். பிழை சொல்லிச் சீவிக்கிற எவருக்கும் இது விளங்கும்.

நல்லாய் ஓடின மோட்டர்

உரும்பிராயிலிருந்து சிவராசா அண்ணை வெங்காயத் தோட்டத்து மோட்டரைக் கொண்டுவந்தார். கூடவே அவருடைய மனைவி மலர். விடிய எழும்பி மோட்டர் போடுவது அவதான். சத்தம் போடுகிறது, பெயரிங் மாற்றினால் போதும் என்றார் அண்ணை.

மாற்றியபின் ஒழுக்குப் பார்க்கிற என் பெட்டியை எடுத்தேன். கைபிடியைச் சுற்றினால் ஐந்நூறு வோல்ட் கிளம்பும். ஒரு வயரை உள்ளே கம்பிச் சுருளிலும் மற்றதை வெளி இரும்பிலும் கொழுவிச் சுற்றினேன். கம்பியின் காப்புப் பூச்சு நல்லதென்றால் பெட்டியின் முள் எழும்ப வேண்டும். எழும்பவில்லை. கரண்ட் இரும்புக்கு ஒழுகுகிறது, புதுக்கம்பி சுற்ற வேண்டும் என்றேன்.

"வரேக்கை நல்லாய் ஓடின மோட்டர், தங்கச்சி. நீதான் உந்தப் பெட்டியாலை ஐந்நூறை விட்டுக் கெடுத்துப்போட்டாய்!"

பல்ப் சாட்சி

கடை முதலாளி சுருளுக்கும் இரும்புக்கும் டெஸ்ட் பல்ப்பைப் பிடித்தார், ஒழுகினால் எரியும் என்று. அது மினுங்கவும் இல்லை. பல்ப் எரிய நிறையக் கரண்ட் வேணும், ஆளைக் கொல்லக் கொஞ்சமே காணும் என்று கத்தினேன். "தங்கச்சி சொல்லுறதைக் கேப்பமேயப்பா" என்றா மலர், மெதுவாக. முதலாளி என்னைக் காட்டிச் சிரித்தார்.

"உவவுக்கு எல்லாத்துக்கும் பயம், அண்ணை. நீங்கள் கொண்டுபோய்த் தோட்டத்திலை பூட்டுங்கோ."

விழுகிற சுவிட்ச்

அடுத்த நாள் அண்ணையின் போன். மோட்டரைப் போட்டவுடன் வீட்டு ட்ரிப் சுவிட்ச் விழுகிறதாம். ஒழுக்கைக் கண்டுதான் அது விழுகிறது, மோட்டரைத் தொடாதேங்கோ என்றேன். வெங்காயம் வாடுது என்று போனை வைத்துவிட்டார். பின்னேரம் நானே எடுத்துக் கேட்டேன்.

"இப்ப ஒரு கரைச்சலும் இல்லை, தங்கச்சி. சுவிட்ச்தான் பழுது. அதைக் கழட்டிப்போட்டுக் கரண்டை நேரை குடுத்திட்டன்."

ஆஸ்பத்திரி வாசல்

அன்றைக்கே பஸ் ஏறியிருக்க வேண்டும். விடிந்தபின் போனேன். வீடு பூட்டியிருந்தது. அயலில் விசாரித்தேன்: விடிய வெறுங்காலோடு ஈரத்தில் நின்று மலர் மோட்டரைத் தொட்டாவாம். பக்கத்து வீட்டுக்காரர் தடியால் அடித்து விலக்கியதில் உயிர் தப்பியிருக்கிறது. வலக்கை விரல்கள் கருகிவிட்டன. ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்; இரண்டை எடுக்க வேண்டும் என்றார்கள். வாசலில் நின்ற சிவராசா அண்ணை என்னைக் கண்டதும் அழுதார்.

"உனக்குத் தெரியும்தானே, தங்கச்சி. நீ வந்து மறிச்சிருக்கலாமே?"

ஐந்நூறு வோல்ட்டுக்கு வயர் உண்மையைச் சொல்லிவிடும்; மனிசர் அதைக் கேட்க எத்தனை வோல்ட் வேணும் என்று எந்தப் பெட்டியிலும் எழுதியிருக்கவில்லை.