கஞ்சி போட்ட இசைத்தட்டு

1. ஈரத்துண்டில் வந்த கேஸ்

அறுபதுகளின் கடைசியிலும் எழுபதுகளிலும் அருப்புக்கோட்டையில் நான் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தேன். என் மேஜைக்கு வராத வியாதி கிடையாது. வால்வு போன ரேடியோ வரும், கரப்பான் குடும்பம் நடத்தும் ரேடியோ வரும், பேரன் தண்ணீர் ஊற்றிய ரேடியோகிராம் வரும். ஆனால் ஒரு ஆவணி மாதக் காலையில் நெசவாளர் சீனிவாசன் ஈரத்துண்டில் சுற்றிக் கொண்டுவந்த மாதிரி ஒரு கேஸ் அதற்கு முன்பும் வந்ததில்லை, பிறகும் வரவில்லை.

துண்டை அவிழ்த்தார். உள்ளே ஒரு எல்.பி. தட்டு. கன்னங்கரேலென்று மின்ன வேண்டியது, மாவு ஒட்டிய தோசைக்கல் மாதிரி வெளுத்துக் கிடந்தது. மோந்து பார்த்தேன். சோற்றுக்கஞ்சி வாடை. கூடவே தேங்காய் எண்ணெய்.

"என்னண்ணே இது?"

"கஞ்சி போட்டேன் தம்பி."

"தட்டுக்கா?"

"கரகரன்னு பாடுச்சு. நூலு முரடா இருந்தா கஞ்சி போட்டு நீவுனா வழுவழுன்னு ஓடும்ல? இதுவும் அப்படித்தான்னு நெனச்சிட்டேன். காஞ்சதும் ஊசி ஓட மாட்டேன்னுருச்சு. எண்ணெய் தொட்டேன், கேக்கலை. கடைசியா நகத்தால சொரண்டிப் பாத்தேன்."

நெசவு தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நீளவாட்டில் ஓடும் பாவு நூலைத் தறியில் ஏற்றும் முன் தெருவில் நீளமாக இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டு, பிரஷால் நீவி, எண்ணெய் தொட்டு விடுவார்கள். அப்போதுதான் நூல் அறாமல் ஓடும். சீனிவாசன் அந்த வேலையில் கெட்டிக்காரர். தட்டுக்கும் ஒரு குறை வைக்காமல் செய்திருந்தார்.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவர் சிரிக்கவில்லை. அப்புறம்தான் தட்டின் நடுவில் ஒட்டியிருந்த லேபிளைத் துடைத்துப் பார்த்தேன். நாகசுரத் தட்டு.

"இது வேலுச்சாமி அண்ணாச்சி தட்டாச்சே?"

தலையை ஆட்டினார். என் சிரிப்பு நின்றுபோனது. நாலு நாளில் வேலுச்சாமி அண்ணாச்சி மகளுக்குக் கல்யாணம். அந்தக் கல்யாணத்துக்கு மேளமே இந்தத் தட்டுதான்.

2. தறி ஓடாத நாள்

அமாவாசைக்கு நெசவாளர் வீடுகளில் தறிக்கு ஓய்வு. மற்ற நாட்களில் எங்கள் தெருவில் பாட்டுக் கேட்க நினைப்பவன் பைத்தியக்காரன். ஒரு பக்கம் கைத்தறிச் சத்தம். இன்னொரு பக்கம் விசைத்தறிகள் வோல்டேஜை இழுத்துவிடும், டர்ன்டேபிள் தள்ளாடும், எப்பேர்ப்பட்ட பாடகியும் காய்ச்சல்காரி மாதிரிப் பாடுவாள். அதனால் நாங்கள் நாலு பேர் அமாவாசைக்கு அமாவாசை சீனிவாசன் வீட்டில் கூடுவோம்.

கூட்டத்தின் வழக்கம் இதுதான். அந்த மாதம் வீட்டில் எந்தத் தட்டை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தோமோ அதைக் கொண்டுவர வேண்டும். ஒரு பக்கம் போட்டுக் காட்ட வேண்டும். ஏன் பிடித்தது என்று சொல்ல வேண்டும். போகும்போது அவரவர் தட்டை அவரவர் எடுத்துப் போகக் கூடாது. அடுத்தவர் தட்டைத்தான் எடுத்துப் போக வேண்டும். அடுத்த அமாவாசை வரைக்கும் அது நம் வீட்டுப் பிள்ளை.

சீனிவாசன் வீணைத் தட்டுக்காரர். "வெரல் எங்க போகுதுன்னு காதுக்குத் தெரியுது பாருங்க" என்பார். ஆஸ்பத்திரி நர்ஸ் மேரி அக்கா ஒரு பியானோ தட்டைக் கொண்டுவருவார். முதல் தடவை கேட்டபோது எங்களுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. "வார்டுல எல்லாரும் தூங்குனப்பறம் நான் மட்டும் மெதுவா நடந்து போவேன்ல, அதுதான் இது" என்றார். பிறகு அந்தத் தட்டை எடுத்துப் போக எங்களுக்குள் போட்டியே வந்தது.

வேலுச்சாமி அண்ணாச்சி திருச்சுழிக்குத் தெற்கே ஒரு கரிசல் ஊர்க்காரர். மிளகாய்க்காட்டை விட்டுவிட்டு பஸ் ஏறி வருவார். ஊரில் கரண்டு இல்லை; பேட்டரி பிளேயர் வைத்திருந்தார். அவருக்கு நாகசுரம்தான் உயிர். "இதைக் கேட்டா காட்டுல ஈரம் இருக்குற மாதிரி இருக்குய்யா" என்பார். அவரும் சீனிவாசனும் ஒரே வயதுதான். ஆனாலும் 'வாங்க, போங்க' மரியாதை இருவரையும் ஒரு முழம் தள்ளியே நிறுத்தியிருந்தது.

என்னிடம் சொந்தமாக ஒரு தட்டுகூடக் கிடையாது. ஊசி மாற்றுவேன், ஸ்பீடு சரிசெய்வேன், அதற்காகச் சேர்த்துக்கொண்டார்கள் என்றுதான் நினைத்தேன். முதல் கூட்டம் முடிந்து கருவிகளைப் பையில் போட்டபோது மேரி அக்கா தன் தட்டை என்னிடம் நீட்டினார். "மாத்திக்கக் கொடுக்க என்கிட்ட ஒண்ணும் இல்லையேக்கா" என்றேன். "காது இருக்குல்ல? கொண்டு போய்க் கேளு" என்றார். அதை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை.

அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. மிளகாய் செடியிலேயே கருகியது. ஆடி அமாவாசைக் கூட்டத்தில் அண்ணாச்சி நாகசுரத் தட்டைச் சீனிவாசனிடம் கொடுத்தார். "ஆவணியில மகளுக்குக் கல்யாணம். இந்த வருசம் மேளக்காரவுகளுக்குச் சொல்ல முடியலை. ரெண்டாவது பக்கத்துல தாலி கட்டுற மேளம் இருக்கு, அதைப் போட்டு ஒப்பேத்திரலாம். அதுவரைக்கும் நீங்க கேளுங்க. கல்யாணத்துக்கு வரும்போது கையோட கொண்டாந்திருங்க" என்றார். 'மேளம் இல்லாத கல்யாணமாம்' என்று சொந்தக்காரர்கள் பேசத் தொடங்கியிருந்ததும் எங்களுக்குத் தெரியும்.

திருப்பிக் கொடுக்கும்போது தட்டு மெருகாக இருக்கட்டும் என்றுதான் சீனிவாசன் கஞ்சி காய்ச்சினார். கெட்ட எண்ணம் கடுகளவும் இல்லை.

3. அண்டாவில் ராட்டை

தட்டோடு சீனிவாசன் வீட்டுக்கே போனோம். அவர் மனைவி பத்மாக்கா வீட்டுப் பேச்சான தெலுங்கில் ஒரு பாட்டம் திட்டி முடித்துவிட்டுத் தமிழுக்கு வந்தார்.

"புதுச்சேலையில கஞ்சி எப்படிப் போகுது? ஊற வச்சுத்தானே அலசுறோம்? இதையும் ஊறப் போடுங்க."

"போடலாம்க்கா. ஆனா வெந்நீர் பட்டா தட்டு வளைஞ்சிரும். முழுசா முக்குனா நடுவுல இருக்குற காகிதம் உரிஞ்சிரும்" என்றேன்.

பிறகு எனக்கு ஒரு யோசனை. தட்டின் நடுத்துளையில் ஒரு குச்சியைச் செருகி, வாய் அகன்ற அண்டாவின் மேல் குறுக்கே வைத்தேன். விளிம்புப் பக்கம் மட்டும் தண்ணீரில் நின்றது, காகிதம் நனையவில்லை. இனி குச்சியைச் சீராகச் சுற்ற வேண்டும். நான் சுற்றினால் தட்டு கோணிக்கொண்டு போனது.

"தள்ளு தம்பி" என்று பத்மாக்கா உட்கார்ந்தார். தினமும் ராட்டையில் நூல் சுற்றும் கை அது. தட்டு அசங்காமல் சுழன்றது. பூந்திக்கொட்டைத் தண்ணீரால் நான் எண்ணெயை எடுத்தேன். சீனிவாசன் தண்ணீர் மாற்றிக்கொண்டே இருந்தார். அவரைத் தட்டைத் தொட விடவில்லை.

மறுநாள் நிழலில் உலர்த்திப் போட்டுப் பார்த்தோம். முதல் பக்கம் பாடியது. முன்பிருந்த கரகரப்புகூடக் குறைந்திருந்தது. சீனிவாசன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இரண்டாம் பக்கத்தில், கெட்டிமேளம் முழங்கும் இடத்தில், ஊசி மாட்டிக்கொண்டது. ஒரே சுற்றைத் திரும்பத் திரும்ப அடித்தது. அவர் நகம் பட்ட இடம். கஞ்சியைக் கழுவலாம், கீறலைக் கழுவ முடியாது.

4. திருச்சுழி பஸ்ஸு

"சொல்லாமக் கொண்டு போயிருவோமா தம்பி? நீ பக்கத்துல உக்காந்து ஊசியைத் தள்ளி விட்ருவேல்ல?" என்று கேட்டார் சீனிவாசன்.

"தள்ளி விடுறது என் வேலைண்ணே. சொல்றது உங்க வேலை" என்றேன்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் பஸ் ஏறினோம். வழியெல்லாம் அவர் தட்டை மடியில் வைத்துப் பிடித்திருந்தார். பந்தக்கால் ஓரத்தில் வைத்து அண்ணாச்சியிடம் கஞ்சி முதல் கீறல் வரை ஒன்று விடாமல் சொன்னார். "அவுகவுக மேளக்காரவுகளைக் கூட்டியாந்து கல்யாணம் பண்றாக. உங்களுக்கு இருந்தது இந்தத் தட்டு ஒண்ணு. அதையும் நான் கெடுத்துட்டேன்" என்றார்.

அண்ணாச்சி தட்டை வாங்கி வெயிலில் சாய்த்துப் பார்த்தார். முகத்தில் வருத்தம் தெரிந்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

"பாடுற வரைக்கும் பாடட்டும். நீங்க ரெண்டு பேரும் ராத்தங்கி இருந்து கல்யாணம் பாத்துட்டுத்தான் போகணும்" என்றார்.

காலையில் பேட்டரி பிளேயரை, கார் பேட்டரியில் ஓடும் ஆம்ப்ளிஃபயரோடு இணைத்து, மணவறைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். தாலி வைத்த தாம்பாளம் சபையைச் சுற்றி வந்தபோது இரண்டாம் பக்கம் போட்டேன். மாப்பிள்ளை தாலியை எடுத்தார். கெட்டிமேளம் முழங்கியது. நான் பயந்தபடியே அந்த இடத்தில் ஊசி மாட்டிக்கொண்டது. மேளம் விடாமல் அடித்தது. மாப்பிள்ளைக்கோ மஞ்சள் கயிறு வழுக்கியது. முதல் முடிச்சே விழவில்லை. நான் ஊசியைத் தூக்கக் கையை நீட்டினேன்.

என் கையை யாரோ பிடித்தார்கள். அண்ணாச்சி.

"விடுய்யா. முடிச்சு விழட்டும்."

முதல் முடிச்சு விழுந்தது. மாப்பிள்ளையின் அக்கா இரண்டாவது போட்டார். மேளம் அடித்துக்கொண்டே இருந்தது. மூன்றாவது முடிச்சும் விழுந்தபிறகுதான் அண்ணாச்சி என் கையை விட்டார். பந்தலில் ஒரு பெரியவர், "நல்லாத்தான்யா அடிக்கிறாக! எந்த ஊரு மேளம்?" என்று கேட்டார். சீனிவாசன் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதார். பழுதான ஒரு பொருளுக்கு நான் அதுவரை நன்றி சொன்னதில்லை. அன்று மனசுக்குள் சொன்னேன்.

5. அடுத்த அமாவாசை

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். பொருளைத் திறக்கும் முன் கொண்டுவந்தவரின் முகத்தைப் பாருங்கள். அவருக்கு எது போனால் வலிக்கும் என்று தெரிந்துகொண்டு ஸ்க்ரூ டிரைவரை எடுங்கள். இதை எனக்கு எந்தப் பள்ளிக்கூடமும் சொல்லித்தரவில்லை. அந்த அமாவாசை வீட்டில் கற்றேன். நான் சாப்பிட்ட சோற்றில் அவர்களுக்குப் பங்கு உண்டு.

கல்யாணம் முடிந்து வந்த அமாவாசைக்குச் சீனிவாசன் ஒரு மூலையில் ஒதுங்கி உட்கார்ந்திருந்தார். அவர் எந்தத் தட்டையும் எடுத்து வைக்கவில்லை. இனி இரவல் தட்டைத் தொடுவதில்லை என்று பத்மாக்காவிடம் சொல்லியிருந்தாராம்.

அண்ணாச்சி கடைசி பஸ்ஸைத் துரத்திப் பிடித்தவர் மாதிரி வியர்க்க விறுவிறுக்க வந்தார். பையிலிருந்து அதே நாகசுரத் தட்டை எடுத்தார். "இந்த மாசம் எங்க வீட்டுல இதுதான் ஓடுச்சு" என்று இரண்டாம் பக்கம் போட்டார். ஊசி மாட்டியது. மேளம் திரும்பத் திரும்ப அடித்தது. "எம்மக மறுவீடு வந்தப்ப இந்த எடத்தைத்தான் போடச் சொல்லிக் கேட்டுச்சு" என்றார். மேரி அக்கா கைதட்டினார்.

கிளம்பும் நேரம் அவரே தட்டை உறையில் போட்டு, மூலைக்குப் போய், சீனிவாசன் மடியில் வைத்தார்.

"ஏலே சீனி, இந்த மாசமும் ஒன் வீட்டுலயே இருக்கட்டும். கஞ்சி மட்டும் போட்டுறாதலே."