சாய்கலின் கால்கள்

நரின் ஊரில் ரொட்டி சுட்டு விற்கும் ஜிபார்குலுக்கு இரட்டைப் பிள்ளைகள். ஒரு வயது முடிவதற்குள் மகன் பெக்தூர் வீட்டைச் சுற்றி ஓடத் தொடங்கிவிட்டான். மகள் சாய்கல் உட்கார்ந்த இடத்திலிருந்தே வாய் ஓயாமல் பேசினாள். எழுந்து மட்டும் நிற்கவில்லை.

அந்த ஊர் வழக்கப்படி, நடை பழகிய பிள்ளையின் கால்களைக் கறுப்பு வெள்ளை நூலால் சேர்த்துக் கட்டி, ஓட்டப்பந்தயத்தில் முந்தி வருகிறவர் கையால் அதை அறுக்க வைக்க வேண்டும். கணவன் சமத் இருவருக்கும் சேர்த்தே ஆடு அறுத்து உறவினர்களை அழைத்துவிட்டான்.

பெக்தூரின் நூல் அறுபட்டது. அடுத்து நாத்தனார் சாய்கலிடம் நூலோடு வந்தாள்.

"தூக்கிப் பிடிச்சுக்கோங்க அண்ணி, அறுத்துடலாம். இப்படியே உக்காந்திருந்தா ஊரு சிரிக்காதா?"

"நூல அறுத்தா நடந்துடுவாளா? வேணாம். அவ நடக்கறப்போ அறுத்துக்கலாம்."

"அப்போ இன்னொரு ஆடா!" என்று சமத் தலையில் கை வைத்தான். எல்லோரும் சிரித்தார்கள். ஜிபார்குலுக்குச் சிரிப்பு வரவில்லை. விருந்தினர் போனபின் மகளின் கால்களில் ஆட்டுக்கொழுப்பைத் தடவி நீவிக்கொண்டே இருந்தாள். உள்ளுக்குள் அவளுக்கும் பயம்தான்.

பனி உருகத் தொடங்கிய ஒரு காலையில் அவள் மாவு பிசைந்துகொண்டிருந்தபோது, பின்னாலிருந்து யாரோ பாவாடையைப் பிடித்து இழுத்தார்கள். சாய்கல் நின்றுகொண்டிருந்தாள். "அம்மா, ரொட்டி" என்றாள், என்றோ நடக்கத் தொடங்கியவளைப்போல. ஜிபார்குல் மாவுக் கையோடு அவளை அள்ளிக்கொண்டு அழுதாள்.

அந்த வாரமே மறுபடி விருந்து. நாத்தனார் மெல்ல ஆரம்பித்தாள்: "ஆமா அண்ணி, பெக்தூர் இன்னும் ஒரு வார்த்தகூடப் பேசலியே?"

"பேசறப்போ பேசுவான்," என்று ஜிபார்குல் இறைச்சித் தட்டை அவள் பக்கம் நகர்த்தினாள். "நீ சாப்பிடு."