கல்லில் இருந்த எண்

கடைத்தெரு முனையில் நிற்கும் மணிக்கூண்டுக்குப் பெயின்ட் அடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும், அம்மா தன்னை அங்கே கூட்டிப்போகச் சொன்னாள். அவளுக்கு எண்பது தாண்டிவிட்டது. காலடிப்பேட்டையிலிருந்து ஷேர் ஆட்டோவில் ராயபுரம் போனோம்.

இரண்டாம் உலகப்போருக்குப் போனவர்களின் நினைவாகக் கட்டிய கூண்டு அது. சதுரமான செங்கல் கட்டடம். கீழே நான்கு பக்கமும் ஆள் நுழையும் வளைவுகள், மேலே நான்கு கடிகாரங்கள், உச்சியில் கவிழ்த்த கிண்ணம்போல ஒரு குவிமாடம். வளைவுக்குள் சுவரில் ஒரு பளிங்குக் கல். இந்த வட்டாரத்திலிருந்து எத்தனை பேர் போனார்கள், எத்தனை பேர் திரும்பவில்லை என்று இரண்டு எண்கள் அதில் உண்டு. பெயர்கள் கிடையாது.

அம்மாவின் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். பட்டாளத்தில் சேர்ந்து பர்மாவுக்குக் கப்பலேறினார். அம்மா அப்போது பிறந்திருக்கவில்லை. அவர் திரும்பவே இல்லை.

கல்லில் வெட்டிய எழுத்துகளுக்குள் பெயின்டர் ஒருவர் கறுப்பு நிரப்பிக்கொண்டிருந்தார். அம்மா அவரிடம் போனாள்.

"நைனா, எங்கப்பா பேர இதுல எய்த முடியுமா?"

"கல்லுல இன்னா கீதோ அதத்தான் ஆயா அடிக்கணும். புச்சா எய்தினா என் வேல பூடும்."

அம்மா தலையாட்டினாள். கிளம்பிவிடுவாள் என்று நினைத்தேன். அவளோ இரண்டாவது எண்ணின்மேல் விரலை வைத்தாள்.

"எங்கப்பா இதுலதான கீறாரு? இத மட்டும் நான் அடிக்கிறேன்."

அவர் என்னைப் பார்த்தார். காலி பெயின்ட் டப்பா ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அவளை உட்காரவைத்து, பிரஷைக் கையில் கொடுத்தார். அவள் அடித்த பெயின்ட் பள்ளத்தைத் தாண்டி வழிந்தது. வழிந்ததை அவர் துணியால் துடைத்துவிட்டார்.

"நல்லாத்தான் கீது ஆயா."

"எவ்ளோ நாளு தாங்கும்?"

"ரெண்டு மூணு மழ தாங்கும்."

"அப்பால?"

"அப்பால வேற யாராச்சும் அடிப்பாங்க."

ஆட்டோவில் திரும்பும்போது, தண்டையார்பேட்டை தாண்டியதும் அவள் மெல்லக் கேட்டாள்:

"எங்கப்பா ஜாட எனக்குக் கீதாடா?"

எங்கள் வீட்டில் அவருடைய போட்டோ ஒன்றுகூட இல்லை. அவரைப் பார்த்தவர்கள் யாரும் இப்போது உயிரோடும் இல்லை.

"கீதும்மா" என்றேன்.

ஆட்டோக்காரர் தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் தன் முகத்தையே பார்த்தபடி வந்தாள் அம்மா.