குப்பம்மா என்ற பேர்

மலேசியாவில், சுங்காய்ப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் ஒரு காலத்தில் நாலு குப்பம்மாக்கள் இருந்தார்கள். முன்னால் பிறந்த பிள்ளைகள் தங்காத வீட்டில், அடுத்ததைக் குப்பைமேட்டில் கிடத்தி எடுத்து அந்தப் பேரை வைப்பார்கள். குப்பை என்றால் எமன் திரும்பிப் பார்க்கமாட்டானாம். இன்று அந்தப் பேரை யாரும் வைப்பதில்லை. நாலு பேரில் மிஞ்சியவள், ஈப்போவில் ஒரு ஹோட்டலில் துணி துவைக்கிறாள். கிளினிக்கில் அவள் பேரைக் கூப்பிட்டால் சின்னப் பெண்கள் சிரிக்கிறார்கள்.

"என்னலா சிரிப்பு? அந்தப் பேர்தான் என்னை உசுரோட வெச்சிருக்கு" என்று சீறுவாள்.

அவள் தம்பி தர்மாவுக்கு இரண்டு குழந்தைகள் பிறந்த வாரமே தவறிப்போயின. மூன்றாவதும் பெண். பேர் வைக்கும் நாளில் அத்தையான குப்பம்மாதான் பேரைக் குழந்தையின் காதில் மூன்று முறை சொல்லவேண்டும். கேக்கில் 'யஷ்விதா' என்று எழுதியிருந்தது.

"அக்கா, கேக்குல இருக்கறத மட்டும் சொல்லு" என்றான் தர்மா.

மூன்று முறையும் உரக்கவே சொன்னாள். பிறகு இன்னும் குனிந்து, மெதுவாக, "குப்பம்மா" என்றாள்.

பக்கத்தில் இருந்த தாய் தினேஸ்வரிக்கு அது கேட்டுவிட்டது. யஷ்விதா என்ற பேரைத் தேடிப் பிடித்தவளே அவள்தான். குப்பம்மா ஏச்சு வாங்கத் தயாரானாள்.

தினேஸ்வரி அவள் கையை இறுகப் பிடித்தாள்.

"இன்னும் ரெண்டு தடவ சொல்லுங்க, அண்ணி."