ஆற்காடு ரூபாயும் படவேட்டு மழையும்

சனிக்கிழமை பகல் பன்னிரண்டு மணி ஐம்பது நிமிடத்துக்கு எல்லாம் கெட ஆரம்பித்தது. நேரம் இவ்வளவு சரியாகத் தெரிவதற்குக் காரணம், அந்த நிமிடத்தில் நான் எடுக்கத் தொடங்கிய வீடியோ இன்னும் என் போனில் இருக்கிறது. அழிக்கலாம் என்று பலமுறை எடுத்துவிட்டு, அழிக்காமலே வைத்துவிடுகிறேன்.

இணையத்தில் பழைய நாணயம் வாங்குகிறவர்களுக்கு அந்த வீடியோ எதற்கென்று தெரியும். பார்சல் வந்தால் உடனே கிழிக்கக் கூடாது. மேஜையைத் துடைத்து, போனை நிலையாக நிறுத்தி, முகவரி ஒட்டிய பக்கத்தைக் காட்டி, வெட்டுவதிலிருந்து நாணயம் வெளியே வருவதுவரை ஒரே ஓட்டமாகப் படம் பிடிக்க வேண்டும். நடுவில் யாராவது கூப்பிட்டுப் படம் நின்றுவிட்டால் போச்சு. துண்டு வீடியோவை எந்த விற்பவனும் ஏற்க மாட்டான், நாணயத்தை நீயே மாற்றிவிட்டாய் என்பான். அதனால் எங்களில் பலரும் வீடியோ எடுக்கும் முன் போனை ஃப்ளைட் மோடில் போட்டுவிடுவோம். நானும் போட்டேன்.

நான் ஆரணியில் பட்டுப்புடவைக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிறவன். நாள் முழுக்கச் சின்னச் சின்னக் கட்டங்களைப் பார்த்துப் பழகிய கண் என்று எனக்குக் கர்வம் உண்டு. முன்பெல்லாம் நாணயத்தைப் பழைய வெள்ளி வாங்கும் கடைகளில்தான் எடுப்பேன். உருக்கப் போகும் குவியலில் கையை விட்டுத் துழாவி, பிடித்ததை எடுத்துக் கண்ணாடி மேஜைமேல் சுண்டினால் போதும். நல்ல வெள்ளி மணி போல ஒலிக்கும். போலி, பொத்தென்று விழும். இப்போது எல்லாமே போனில். படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்க்கலாம், சுண்டிப் பார்க்க முடியாது. ஓசை கேட்காமல் நாணயம் வாங்குகிற முட்டாள்களின் கூட்டத்தில் நானும் சேர்ந்து நான்கு வருடம் ஆகிறது.

அன்று வந்தது ஓர் ஆற்காடு ரூபாய். பாண்டிச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் அடித்தது, பிறை முத்திரை உள்ளது. அப்படித்தான் விற்றவன் சொல்லியிருந்தான். உறையிலிருந்து எடுத்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. பதினோரு கிராமுக்கு மேல் இருக்க வேண்டியது, தராசில் ஒன்பதைக்கூடத் தொடவில்லை. விளிம்பைச் சுற்றி, அடித்த நாணயத்தில் இருக்கவே கூடாத, அச்சில் ஊற்றியதன் மெல்லிய கோடு. இதைப் படத்தில் காட்டாமல் இருப்பதற்காகவே விளிம்பைத் தவிர எல்லாப் பக்கமும் படம் எடுத்து அனுப்பியிருக்கிறான்.

கோபத்தில் ஒரு காரியம் செய்தேன். வீடியோவை அவனுக்கு அனுப்ப வேண்டுமே, வைஃபையை மட்டும் திரும்பப் போட்டேன். ஃப்ளைட் மோடை எடுக்கவில்லை. செய்திகள் போயின, வந்தன. போன் உயிரோடு இருப்பதுபோலவே இருந்தது. ஆனால் யாரும் என்னைக் கூப்பிட முடியாது, எஸ்.எம்.எஸ்.கூட வராது. அது என் மண்டையில் ஏறவேயில்லை.

என் மகள் அன்று இரண்டு தோழிகளோடு படவேட்டுக்கு மேலே உள்ள மலைக்குப் போயிருந்தாள். வேலூரில் கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். போகாதே என்று சொல்லும் வாய் எனக்கு இல்லை. என் இருபதுகளில் ஜவ்வாது மலையின் இந்தக் கிழக்கு ஓரத்தில் நான் ஏறாத பாதை குறைவு. அதனால் ஒரு நிபந்தனையோடு அனுப்பினேன். பாதி வழியில் ஓர் ஓடை குறுக்கிடும். அந்த இடத்தில் மட்டும் சிக்னல் கிடைக்கும். அங்கே நின்று எனக்குப் போன் செய்ய வேண்டும். வானம் எப்படி இருக்கிறது என்று அவள் சொல்வாள், ஏறுவதா இறங்குவதா என்று நான் சொல்வேன். நான் சொல்லாமல் ஓடையைத் தாண்டக் கூடாது.

இந்த நிபந்தனையைச் சும்மா போடவில்லை. ஆவணி மாதத்து மலை காலையில் காட்டும் முகம் வேறு, மதியம் காட்டும் முகம் வேறு. பத்து மணிக்கு ஒரு மேகம் இருக்காது. பன்னிரண்டுக்கு மேல் உச்சிக்குப் பின்னால் வெள்ளையாக ஒன்று எழும், பார்க்க அழகாக இருக்கும். அது உயர்ந்துகொண்டே போய் அடி கறுக்கத் தொடங்கினால் ஒரு மணி நேரம்கூடத் தவணை கிடையாது. எல்லாவற்றையும்விடக் காற்றைக் கவனிக்க வேண்டும். வீசிக்கொண்டிருந்த காற்று சட்டென்று நின்று, இலை அசையாமல் புழுங்கினால், இறங்கிவிட வேண்டும். மேலே பெய்வது கீழே இருப்பவனுக்குத் தெரியாது, ஓடை வந்துதான் சொல்லும். போனில் வானிலை பார்ப்பவர்களுக்கு இதெல்லாம் எங்கே தெரியப் போகிறது? அது ஆரணிக்கு ஒரு சூரியன் படம் போடும். மலைக்கும் அதே சூரியனைப் போடும். காலை ஆறு மணி பஸ்ஸைப் பிடி என்று நான் சொன்னதற்கு, அந்தச் சூரியனைக் காட்டித்தான் மகள் ஒன்பது மணி பஸ்ஸில் போனாள்.

அவள் ஓடைக்கு வந்தது ஒரு மணிக்கு. அந்த நேரம் நான் விற்றவனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன்.

“சார், வீடியோல கவரோட ஓரம் ரெண்டு செகண்டு ஃப்ரேமுக்கு வெளிய போயிருக்கு. உள்ள இருந்ததை நீங்க மாத்தியிருக்கலாம் இல்ல?” என்று எழுதினான்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நாணயம் சேர்ப்பவர்களின் குழுவில் வீடியோவைப் போட்டு நியாயம் கேட்டேன். நியாயமா கிடைக்கும்?

“ஆற்காட்டுக்குப் பக்கத்துல இருந்துகினு ஆற்காடு ரூபாயிலயே ஏமாந்தீங்களே அண்ணே!” என்றான் ஒருவன்.

“வுடுங்க, உருக்கி அண்ணிக்கு மெட்டி செஞ்சிடுங்க,” என்றான் இன்னொருவன்.

“அதுக்கு அதுல வெள்ளி இருக்கணுமேப்பா.”

இருபது பேர் சிரித்தார்கள். இருபது பேருக்கும் பதில் எழுதினேன். நடுவில் விளிம்புக் கோட்டைப் படம் எடுக்க முயன்றபோது அறை இருட்டாக இருந்தது. எழுந்து லைட்டைப் போட்டேன். பகல் இரண்டு மணிக்கு ஏன் இருட்டுகிறது என்று யோசிக்கவில்லை. மேற்கு ஜன்னல் என் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தது. மேகத்தைப் பற்றி ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கிறவன், படம் சரியாக விழவில்லையே என்று எரிச்சல்பட்டுக்கொண்டு லைட்டைப் போட்டேன். இதை எழுதும்போது என்னையே அறைய வேண்டும்போல் இருக்கிறது.

மூன்று இருபதுக்கு என் மனைவி கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். பஜாரில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிறாள். வேலை நேரத்தில் போன் பையில்தான் இருக்கும். சாப்பிட உட்கார்ந்தபோதுதான் எடுத்துப் பார்த்திருக்கிறாள். அதை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். ஒன்றேகாலுக்கு மகள் அனுப்பிய எஸ்.எம்.எஸ்.: ‘அப்பாக்கு போன் போகல. நாலு வாட்டி போட்டேன். இங்க இருட்டிகினு வருது. சார்ஜ் போகப் போகுது.’

“நானும் கடையிலேர்ந்து கூப்பிட்டுகினே கீறேன். சுவிட்ச் ஆஃப்னு வருது. செத்துட்டீங்களான்னு பார்க்க வந்தேன்,” என்றாள்.

“போன் ஆன்லதான் இருக்கு...” என்று சொல்லிக்கொண்டே பார்த்தேன். மேலே மூலையில் சின்ன விமானம்.

அவளும் பார்த்தாள். மேஜைமேல் இருந்த தராசையும் பூதக்கண்ணாடியையும் பார்த்தாள். “வூட்ல நான் இருக்கிறேன். நீங்க போங்க. பொண்ணு இல்லாம வராதீங்க,” என்றாள். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

வண்டியை எடுத்தேன். கண்ணமங்கலம் தாண்டுவதற்குள் நனைந்துவிட்டேன். எதிரே மலை இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறச் சுவர்தான் இருந்தது. வழியெல்லாம் திட்டிக்கொண்டே போனேன். விற்றவனை, அந்த இருபது பேரை, ஒன்பது மணி பஸ்ஸை, போனில் சூரியன் வரைந்தவனை. என்னைத் திட்டும் முறை வந்தபோது வண்டியை இன்னும் முறுக்கினேன்.

அடிவாரத்து டீக்கடைக்காரர், மூன்று பெண்கள் என்றதுமே தலையாட்டினார்.

“பன்னெண்டு மணிக்கு ஏறிச்சிங்க சார். இன்னும் எறங்கல. மேல செம மழை. ஓடை ரொப்பிகினு வருது, சத்தம் கேக்குது பாருங்க.”

“வானம் அப்படி இருக்கும்போது போகாதீங்கன்னு சொல்றதில்லையா?” என்று அவர்மேல் பாய்ந்தேன்.

“சொல்லாம இருப்பனா? ‘எங்கப்பாவுக்கு மலை பத்தி எல்லாம் தெரியும், அவரைக் கேட்டுகினுதான் ஓடையைத் தாண்டுவோம்’னு ஒரு பொண்ணு சொல்லிச்சி. அப்புறம் நான் யாரு சார்?”

அதற்குப் பிறகு நான் யாரையும் திட்டவில்லை. மேலே போகப் பார்த்தேன். பாதையே ஓடையாக ஓடிக்கொண்டிருந்தது, பத்தடிகூட ஏற முடியவில்லை. பாறைமேல் நின்று பெயரைச் சொல்லிக் கத்தினேன். தண்ணீர்ச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. ஓடைக்கு இந்தப் பக்கம் இருக்கிறாளா, அந்தப் பக்கமா? அது ஒன்றுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. நான்கு முறை கூப்பிட்டவள், பதில் இல்லாமல் என்ன முடிவு எடுத்திருப்பாள்? என் மகள் என்னைப் போல. தெரியாது என்று நிற்க மாட்டாள், ஏறியிருப்பாள்.

ஐந்தரை மணிக்கு மழை தூறலாகக் குறைந்தது. முதலில் ஆடுகள் வந்தன, நனைந்து, ஒன்றையொன்று முட்டிக்கொண்டு. அவற்றின் பின்னால் உரச்சாக்கைக் கொங்காணியாகத் தலையில் போட்ட நான்கு உருவங்கள். கால்களை எண்ணினேன். எட்டு. முன்னால் வந்தது ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள், கையில் கழி. அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு என் மகள். முழங்காலில் ரத்தம். என்னைப் பார்த்தாள், உடனே ஆடுகளைப் பார்க்கத் தொடங்கினாள். நான் கிட்டே போய் அவள் தோளைத் தொட்டபோது தள்ளிவிடவில்லை, சாயவும் இல்லை.

அந்த அம்மாள் என்னை மேலிருந்து கீழே ஒருமுறை அளந்தாள்.

“நீதான் இதோட அப்பனா? ஓடையண்ட போனைக் காதுல வச்சிகினு நின்னுகினே இருந்துச்சிய்யா. அந்த ரெண்டும் தாண்டலாம் வாடின்னு இழுக்குதுங்க, இது அப்பாவைக் கேக்காம வரமாட்டேன்னு அழுவுது. காத்து அப்பவே நின்னுபோச்சி. எவ்வளவு நேரம்தான் பாக்கறது? அதான் நானே எறங்குங்கடின்னு சொன்னேன். வழியில மழை புடிச்சிகிச்சி, மூணையும் பாறைக்கடியில ஆட்டோட ஆடா உக்கார வச்சேன். அப்பன் சொல்ல வேண்டியதை நான் சொல்லிட்டேன். தப்பா?”