ராஜாவுக்கு வாங்கிய கபன்

கல்முனையில் கணக்கு டீச்சர் வீதியால் போனால் கடைக்காரர்கள் எழும்பி சலாம் சொல்வார்கள். வரலாற்று டீச்சர் போனால் "கொஞ்சம் ஒதுங்குங்க, லொறி வருகுது" என்பார்கள். இது ஸப்னா தன் வாயாலேயே சொல்வது. பல்கலைக்கழகத்தில் வரலாற்றைச் சிறப்புப் பாடமாகப் படித்து, நிந்தவூரிலிருந்து பஸ்ஸில் வந்து, பதினொரு வருடமாகக் கல்முனையில் ஒரு முஸ்லிம் பெண்கள் பாடசாலையில் அதைப் படிப்பிக்கிறவளுக்கு அப்படிச் சொல்ல உரிமை உண்டு.

சோதினை கிட்டினால் முதலில் பறிபோவது அவளுடைய பாடவேளைதான். "வரலாறு வாசிச்சா விளங்கும்தானே டீச்சர், இந்தப் பாடத்தக் கணக்குக்கு விடுங்களன்" என்று அதிபர் சிரித்துக்கொண்டே கேட்பார். வாசித்து விளங்கிய இலட்சணம் விடைத்தாளில் தெரியும். எகிப்தியர் நைல் நதியின் வெள்ளத்தால் பெற்ற பயன் யாது? "பிர்அவ்ன் கடலில் மூழ்கினான்." பிரமிட்டுகள் எதற்காகக் கட்டப்பட்டன? அதற்கும் பிர்அவ்ன் கடலில் மூழ்கினான். குர்ஆனில் வரும் அந்த எகிப்து மன்னன் மூழ்கியதில் ஸப்னாவுக்கு மாற்றுக் கருத்தில்லை. அவனுக்கு முன்னும் பின்னும் அந்த ஆற்றங்கரையில் சனங்கள் மூவாயிரம் வருடம் விதைத்து, வெட்டி, அளந்து, எழுதி வாழ்ந்திருக்கிறார்களே, அதில் ஒரு வரி எழுதினால் கை தேய்ந்துவிடுமா என்பதுதான் அவளுடைய ஆத்திரம்.

இந்த வருடக் கண்காட்சியில் வரலாற்றுக்கும் ஓர் இடம் கிடைத்தது. விஞ்ஞானத்துக்கு மண்டபம், வரலாற்றுக்கு மாடிப்படியின் கீழ். கிடைத்ததே பெரிய காரியம் என்று அவள் ஏற்றுக்கொண்டாள். கல்விக் கந்தோரிலிருந்து அதிகாரி வருவார். அவர் அந்தப் படியின் கீழ் நின்று பாடத்தைப் பற்றி ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும். அவளுக்கு அது போதும். பதினொரு வருடத்தில் வந்த அதிகாரிகள் எல்லாரும் வரவுப் பதிவேட்டைக் கேட்டார்கள், பாடக்குறிப்புக் கொப்பியைக் கேட்டார்கள், ஒருவர் தண்ணீர் கேட்டார். எகிப்தைப் பற்றி ஒருவரும் கேட்டதில்லை.

மனிதத் தலையும் சிங்க உடலுமாக ஒன்று செய்யலாம் என்றாள். "சிலையா?" என்று ஆசிரியர் அறையே திரும்பிப் பார்த்தது. சரி, சிலை வேண்டாம், மம்மி செய்வோம் என்று முடிவாயிற்று. ரிஜிபோம் என்ற வெள்ளை நுரைப்பலகையை வெட்டி, கம்பி கட்டி, ஐந்தரை அடியில் ஒரு ராஜாவின் உடலைப் பிள்ளைகள் செய்தார்கள். அவருடைய ஈரலையும் குடலையும் வைக்க நான்கு தயிர்ச்சட்டிகள் வந்தன. பாய் இழைக்கிற பன் புல்லைத் தட்டிப் பபிரஸ் தாள் செய்யப் போனதில் மூன்று நாள் வீணானது. தாள் வரவில்லை, நாற்றம்தான் வந்தது. இனி மிச்சம் மம்மியைச் சுற்றும் துணி ஒன்றுதான்.

கண்காட்சிக்கு முதல் நாள் பாடசாலை விட்டதும் பஸாரில் றிபாஸின் புடவைக் கடைக்கு ஓடினாள்.

"வெள்ளப் புடவை வேணும், சாதாரணப் பருத்தி. பதினஞ்சு யார் வெட்டுங்க. கெதியாத் தாங்க."

றிபாஸின் முகம் விழுந்துவிட்டது. "ஆம்புளயா, பொம்புளயா டீச்சர்?"

றிபாஸின் மகள் நிப்லா அவளுடைய வகுப்புதான். மம்மியின் கதையை வீட்டில் சொல்லியிருப்பாள் என்று ஸப்னா நினைத்தாள். "ஆம்புளதான். அஞ்சர அடி."

அவன் அளந்து வெட்டினான். கேட்காமலே பஞ்சும் ஒரு அத்தர்க் குப்பியும் பையில் வைத்தான். காசை நீட்டினால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். "இதுக்குப் போய்க் காசு எடுப்பனா டீச்சர்? அல்லாஹ் போதுமானவன்." வரலாற்றுக்கும் இந்த ஊரில் ஓர் ஆதரவாளர் இருக்கிறார் என்று ஸப்னாவுக்குக் கண் கலங்கிவிட்டது. பாவி மனுஷி, அப்போதும் அவளுக்கு உறைக்கவில்லை.

அவளுடைய வாப்பா பக்கீர் முகைதீன் இரண்டு வருடமாகப் படுக்கையில் கிடக்கிறார் என்பது ஊரறிந்த செய்தி. அந்த வீட்டு மகள் பேரம் பேசாமல் வெள்ளைப் புடவை வாங்கினால், செத்தவரைச் சுற்றும் கபனுக்கு என்றுதானே ஊர் நினைக்கும்? பாடசாலையில் அமத்திவைத்த போனை அவள் பஸ்ஸிலும் எடுத்துப் பார்க்கவில்லை. பஸ் காரைதீவைத் தாண்டுவதற்குள் செய்தி நிந்தவூரைச் சுற்றி வந்துவிட்டது.

வீட்டு வளவு முழுக்கக் கதிரைகள், தொப்பி போட்ட ஆட்கள். பக்கத்து வீட்டு மைமூனா ஓடி வந்து கட்டிப்பிடித்து, கையிலிருந்த பையைப் பார்த்ததும் இன்னும் பலமாக அழுதாள். வாப்பாவுக்குத்தான் என்னவோ ஆகிவிட்டது என்று ஸப்னாவும் குழறிக்கொண்டு உள்ளே பாய்ந்தாள்.

வாப்பா தலையணையில் சாய்ந்து பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார். "ஆருகா மௌத்து? ஒருத்தனும் எனக்குச் சொல்றானில்லையே!"

விளக்கம் சொல்லி முடிக்க ஒரு மணித்தியாலம் ஆனது. கபுறுக் குழி வெட்டப் போனவர்கள் மண்வெட்டியோடு கிறுகி வந்தார்கள். அவள் கணவன் மிஹ்லார் வந்தவர்களிடமெல்லாம் மன்னிப்புக் கேட்டுக் களைத்துப்போய் அவள் மேல் பாய்ந்தான். "வாப்பா உசிரோட கிடக்கக்குள்ள ஊட்டுக்குள்ள கபன் புடவையா? செத்தவனச் சுத்துற விளையாட்டு உனக்கு என்னத்துக்கு? இந்தப் புடவை பள்ளிக்கூடத்துக்குப் போகக்கூடா, சொல்லிட்டன்!"

"நான் படிப்பிக்கிறது விளையாட்டு இல்ல" என்றாள்.

வாப்பா கைகாட்டி அவளைக் கூப்பிட்டார். "அந்த எகிப்துக்காரனுகள் புடவையச் சுத்தி என்னகா செஞ்சானுகள்?"

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னாள். எழுபது நாள் உப்பில் உலர்த்தி, எண்ணெய் பூசி, விரல் விரலாகச் சுற்றி, உடல் அழியாமல் ஆயிரக்கணக்கான வருடம் கிடக்க வைத்ததைச் சொன்னாள்.

"எழுவது நாளா?" வாப்பா வாசலைப் பார்த்தார். "இஞ்ச நான் மௌத்தெண்டா அசர் தொழுகைக்குள்ள அடக்கிருவாங்க. உசிரோட கிடந்தா ரெண்டு வருசமா ஒருத்தன் எட்டிப் பார்த்தானில்ல. இண்டைக்குத்தான் இத்தனை பேரும் வந்திருக்கானுகள்." பிறகு பையை அவள் பக்கம் தள்ளிவிட்டார். "கொண்டுபோ மகள். எனக்கு மறுகா ஒண்டு வாங்கலாம்."

மிஹ்லார் வளவுக்குப் போய்க் கதிரைகளை அடுக்கத் தொடங்கினான்.

விடிந்ததும் ஸப்னாவும் பிள்ளைகளும் ராஜாவைச் சுற்றி முடித்தார்கள். றிபாஸ் வைத்த அத்தரும் அவருக்கே போனது. பத்து மணிக்கு அதிகாரி வந்தார். விஞ்ஞான மண்டபத்தில் முக்கால் மணித்தியாலம் நின்றுவிட்டு, படியருகே வந்தவர் ஸப்னாவைக் கண்டதும் நின்றே விட்டார்.

"டீச்சர், உங்கட வாப்பா மௌத்தாமே? நேத்துத்தான் கேள்விப்பட்டன். அப்ப லீவு எடுக்கல்லையா?"

பதினொரு வருடத்து ஆத்திரமும் ஒன்றாகத் திரண்டு வந்தது. அதிபர் கண்ணால் சாடை காட்டியதை அவள் கவனிக்கவேயில்லை.

"எங்கட வாப்பா ஊட்டுல உசிரோட இரிக்காரு சேர். மௌத்தானவரு இவரு. நாலாயிரம் வருசமாகுது, ஒருத்தரும் விசாரிக்கல்ல. இவரப் பத்திக் கேளுங்க!"

அதிகாரி மணிக்கூட்டைப் பார்த்தார், அதிபரைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் குனிந்து மம்மியைப் பார்த்தார்.

"இது என்னத்தால செஞ்சது டீச்சர்? ரிஜிபோமா?"

"ஓம் சேர்" என்றாள் ஸப்னா. அதுவும் ஒரு கேள்விதானே. அவர் நிமிர்வதற்குள் ஒரு கதிரையை இழுத்து அவருக்குப் பின்னால் போட்டுவிட்டு, நைல் நதியிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.