ஆறு பத்துக்குக் குறட்டை

சட்டைத் தொழிற்சாலையில் அவளுக்குக் கழுகு என்று பெயர். காலரில் ஒரு தையல் தப்பியிருந்தால் போதும், சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டித் திருப்பி அனுப்பிவிடுவாள். பதினோரு வருஷத்தில் அவள் கண்ணுக்குத் தப்பிய பழுதுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். வீட்டில் ஒன்று தப்பியிருந்தது.

கல்யாணமாகி ஏழு வருஷம், குழந்தை இல்லை. குறை அவளிடம்தான் என்று மாமியார் முதல் வருஷமே தீர்ப்பு எழுதிவிட்டார். கருக்குழாயில் மருந்து செலுத்திப் படம் எடுத்தார்கள். தொப்புளில் துளை போட்டுக் கேமரா விட்டுப் பார்த்தார்கள். அடைப்பும் இல்லை, கட்டியும் இல்லை. காரணம் பிடிபடாத பெண்களுக்காக ஆஸ்பத்திரியில் ஓர் ஆய்வு நடந்தது. கணவனின் விந்துப் பரிசோதனை சரியாக இருந்தால்தான் சேர்ப்பார்கள். அவள் கணவனின் முடிவு அபாரம். கருமுட்டை வளர்வதற்கான ஊசி திங்கள்கிழமை தொடங்க வேண்டும்.

ஆய்வுக்குப் பெயர் கொடுத்த நாள் முதலே, தினமும் விழித்ததும் படுக்கையிலேயே உடல் சூட்டை அளந்து அட்டையில் எழுதுவாள். கடைசிக் கட்டம் ‘குறிப்பு’. மற்ற பெண்கள் காலியாக விடுவார்கள். கழுகு விடுவாளா?

வெள்ளிக்கிழமை அவள் அட்டையையும் கணவனின் பரிசோதனைத் தாளையும் ஒத்துப் பார்த்த ஆய்வு நர்ஸ் சிரித்தாள்.

“அக்கா, உங்க வீட்டுக் கடிகாரம் தூங்குதா? பன்னெண்டாம் தேதி காலைல ஆறு பத்துக்கு உங்க வீட்டுக்காரர் இங்க வந்து சாம்பிள் குடுத்திருக்கார். நீங்க அதே ஆறு பத்துக்கு, ‘பக்கத்தில் கணவர் குறட்டை’ன்னு எழுதியிருக்கீங்க. நேரத்தத் திருத்திடுங்க.”

“என் கடிகாரம் தூங்கினா வேலையே போயிடும் சிஸ்டர். அந்தத் தாளக் காட்டுங்க.”

கொண்டுவந்தவர் கையெழுத்தில் கணவன் பெயர்தான் இருந்தது. ஆனால் கடைசி எழுத்தின் வால் சுருண்டு மேலே ஏறியிருந்தது. கீழ்வீட்டில் இருக்கும் அவன் அண்ணன், தன் மூன்று பிள்ளைகளின் மதிப்பெண் அட்டையில் அப்படித்தான் வாலை ஏற்றுவார்.

வீட்டுக்கு வந்ததும் டிவியை அணைத்தாள்.

“சாம்பிள் டப்பாவ யாருங்க கொண்டுபோனது?”

கணவன் ரிமோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “நாலு வருஷம் முன்னாடியே வெளிய டெஸ்ட் பண்ணேன். உயிரணு ஒண்ணுகூட இல்லன்னுட்டாங்க. அம்மாதான் யார்கிட்டயும் சொல்லாதன்னு…”

“ஆம்பளப் பேரு கெட்டுடாதா?” என்றார் காய் நறுக்கிக்கொண்டிருந்த மாமியார். “நாலு ஊசி போட்டுக்கிட்டா நீ என்ன கொறஞ்சா போயிடுவ?”

வாசலில் ஓரகத்தி நின்றிருந்தாள். கேமரா விட்ட அன்று இவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதவள்.

“அக்கா, உங்களுக்குமா தெரியும்?”

ஓரகத்தி மடமடவென்று கீழ்வீட்டுக்குப் படியிறங்கினாள்.

திங்கள்கிழமை ஊசிக்கான அறை வரை போனவள், கையை நீட்டவில்லை. விலகல் படிவம் கேட்டாள்.

“காரணம் எழுதணும்னு கட்டாயம் இல்லக்கா,” என்றாள் நர்ஸ்.

“எந்தக் கட்டத்தையும் நான் காலியா விட்டதில்லயே.”

இடம் போதாமல் பின்பக்கமும் எழுதினாள். பிறகு கைப்பையைத் துழாவி ஒரு சிவப்பு அம்பை எடுத்து, நர்ஸின் கோப்பில் இருந்த, வால் சுருண்ட அந்தக் கையெழுத்தின் மேல் அழுத்தி ஒட்டினாள்.